பின்னால் பார்க்கும் மீன்கொத்தி

"சாவ்தான்" என்று அசையாமல் நிற்கச் சொன்ன சத்தம் ஓடுபாதையின் அந்தக் கோடிவரை போய் அடங்கியபோது நூற்று நாற்பது ஜோடி பூட்ஸ் ஒன்றாகத் தரையை அறைந்தன. சார்ஜண்ட் சீனிராஜின் ஜோடி மட்டும் அரை நொடி பிந்தி. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தாலும் இனி என்ன, இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு இந்த மைதானத்தில் எவனும் அசையப் போவதில்லை, எவனும் எவனிடமும் பேசப் போவதில்லை, மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான், அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டே பார்வையை நேரே வைத்தவன், அங்கே ஒரு பறவை தன்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். முன்வரிசையில் அவனுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக நிற்கிற கார்ப்பரல் பிஸ்வாலின் வலது கை அது. அந்தக் கையில், தோளுக்கு நாலு விரல் கீழே, நேற்றுச் சாயங்காலம் தையல்காரர் வைத்துத் தைத்த புத்தம்புது வட்டச் சின்னம். வட்டத்துக்குள் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, சிறகை விரித்து அந்தரத்தில் நிற்கிறது. நிற்பதெல்லாம் சரி. பிஸ்வால் முன்னால் பார்க்கிறான், பறவை பின்னால் பார்க்கிறது. அவனைப் பார்க்கிறது. அட கடவுளே, என்றான் சீனிராஜ் உதட்டை அசைக்காமல், திருப்பி வைத்துவிட்டேனே. பிஸ்வால் கையில் மட்டுமா, இந்த மைதானத்தில் நிற்கிற நூற்று நாற்பது வலது கையிலும் நூற்று நாற்பது மீன்கொத்திகள் அலகைப் பின்னால் நீட்டிக்கொண்டு, எதிரியைக் கண்டு ஓடுகிற மாதிரி, ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்த பொருளைத் தேடுகிற மாதிரி, அதில் ஒன்று தன் கையிலேயே இருக்கிறது, தன் பின்னால் நிற்கிற எவனையோ அது இந்நேரம் முறைத்துக்கொண்டிருக்கும், பாவம் அவன் ஒரு பாவமும் அறியாதவன்.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவன்தான் செய்தான், இந்த இரண்டு கையால் செய்தான். புதிதாக ஆரம்பித்த ஹெலிகாப்டர் பிரிவு இது, வெள்ளத்திலும் புயலிலும் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வருவதற்கென்று கடலோரத்தில் வைத்த பிரிவு, அதற்கு ஒரு சின்னம் வேண்டும், யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம் என்று போன ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதோடு இரண்டு பக்க விதிமுறை. சின்னத்தில் வரும் பிராணி உயிரோடு இருக்க வேண்டும், தூங்கக் கூடாது, வாலைச் சுருட்டக் கூடாது, பார்த்தவனுக்குப் பயம் வராவிட்டாலும் மரியாதை வர வேண்டும், சுற்றிலும் இலை வளையம், அடியில் ஒரு வாசகம், முக்கியமாகப் பிராணியின் முகம் கேடயம் பிடித்திருப்பவனின் வலப்பக்கம் நோக்கியே இருக்க வேண்டும், அதாவது பார்க்கிறவனுக்கு இடப்பக்கம். வீரன் இடது கையில் கேடயத்தைப் பிடித்து முன்னால் போகும்போது அதிலுள்ள சிங்கமும் முன்னாலேயே பார்க்க வேண்டும், புறமுதுகு காட்டக் கூடாது, அதற்காக எந்தக் காலத்திலோ எந்த ராஜாவோ வைத்த விதி. சீனிராஜ் அதை மூன்று தடவை படித்து மனப்பாடம் செய்திருந்தான். கேடயம் இடது கையில் இருக்கும் என்பதைப் படித்தவன் தன் பிரிவில் சின்னத்தை வலது கையில் தைப்பார்கள் என்பதை மட்டும் மறந்துபோனான். பதினேழு வருட சர்வீஸ், இதற்கு முந்தைய யூனிட்டில் ஏழு வருடம் வலது கையில் ஒரு தேளைச் சுமந்தவன், அவனுக்கே தோன்றவில்லை. மாதிரித் துணி வந்தபோதும் மேஜையில் மல்லாத்தி வைத்துத்தான் பார்த்தார்கள், கமாண்டிங் ஆபீசர் பார்த்தார், கமிட்டியில் நாலு பேர் பார்த்தார்கள், பிரமாதம் என்றார்கள், மேஜைக்கு ஏது வலது கை.

சரி, அந்தத் தேள். அந்த யூனிட்டில் அத்தனை பேருக்கும் நாக்கு நீளம், சமையற்கட்டில் இருந்தவனிலிருந்து மேலே வரை எல்லோரும் கொட்டுவார்கள், சின்னத்துக்கும் ஆளுக்கும் ஏதோ ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. சாமிக்கே ஒரு வாகனம், ஒரு கொடி. முருகன் மயிலில் ஏறுகிறான், கொடியில் சேவலை வைத்திருக்கிறான். ஹெலிகாப்டர் வாகனம், மீன்கொத்தி கொடி, கணக்கு சரியாக வருகிறது என்று மங்கைதான் சொன்னாள். மங்கை என்றால் அவன் மனைவி மங்கையர்க்கரசி, ராஜபாளையத்துக்காரி, விலங்கியல் படித்தவள், படித்த படிப்பை அவன் மாற்றலாகிப்போன ஊர்களின் கொல்லைப்புறங்களில் செலவழிக்கிறவள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உப்புத்தண்ணீர் தேங்கும் ஒரு குட்டை இருக்கிறது. அங்கே நின்று துணி காயப்போட்டவள் ஒருநாள் ஈரக் கையோடு ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனாள். "அங்க பாருங்க, அந்தரத்துல அப்படியே நிக்குது பாருங்க, கீழ மீனைப் பாத்துட்டு!" என்றாள். "எங்க ஹெலிகாப்டர் மாதிரியே நிக்குதே" என்றான் அவன். "ம்க்கும், உங்க வண்டிதான் இதைப் பாத்து நிக்குது. இது எப்ப பொறந்துச்சு, உங்க வண்டி எப்ப பொறந்துச்சு?" என்றாள். அன்றைக்கே வாஷிங் மெஷின் வாரண்டி அட்டையின் பின்பக்கம் புருவம் தீட்டும் பென்சிலால் வரைந்தாள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அடுப்பில் பால் வேறு. பாண்டி நாட்டில் பிறந்துவிட்டு மீனைக் கொத்துகிற பறவையைக் கொடியில் வைக்கிறாயே, ராஜத்துரோகம் இல்லையா என்று கேட்டான். அந்த ராஜாக்கள் யாரும் இப்போது பென்ஷன் வாங்க வரப்போவதில்லை என்றாள். அவள் வரைந்த பறவை வலப்பக்கம் பார்த்தது. நன்றாகத்தான் பார்த்தது. பிஸ்வால் கையில் தைத்திருந்தால் பிஸ்வால் பார்க்கிற திசையிலேயே பார்த்திருக்கும். அவன்தான் விதிமுறை படித்த மேதாவியாயிற்றே, அட்டையை ஜன்னல் கண்ணாடியில் குப்புறச் சாய்த்து, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டின் மேலேயே காகிதத்தை வைத்து மறுபக்கமாக எடுத்து, திருத்திவிட்டேன் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதோடு விட்டானா, திருத்தியதால் பாதிப் படம் தன்னுடையது என்றும் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில்தான் விண்ணப்பத்தை நிரப்பினான்.

கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் காலுறைக்குள் ஏதோ ஊர்கிறது. எறும்பா, வியர்வையா, இரண்டும் ஒரே வேகத்தில்தான் போகும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் அதிகாரி பிரிவின் பெருமையை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார், பிரிவுக்கு வயது ஒன்றரை, அதற்குள் பெருமை ஏழு பக்கம். வடக்கே மேடை, மேடையில் திரைபோட்ட பெரிய பலகை, மேடைக்கு இரண்டு பக்கமும் ஷாமியானா, ஷாமியானாவில் குடும்பங்கள். அவன் நிற்கிற இடத்திலிருந்து கண்ணைத் திருப்பாமல் குடும்பங்களைப் பார்க்க முடியாது, கண்ணைத் திருப்பினால் வாரண்ட் ஆபீசர் யாதவ் பார்த்துவிடுவார், யாதவுக்கு முதுகிலும் கண் உண்டு. பார்க்காவிட்டால் என்ன, அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள், என்ன கட்டியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியாதா, அரக்குக் கரைபோட்ட மாம்பழக் கலர் பட்டு, தங்கச்சி கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெளியே எடுத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்கு அவன் கிளம்பும்போது தலையில் துண்டோடு வாசல்வரை வந்தாள். "ஏங்க, ஸ்டேஜ்ல ஏறும்போது செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். அவன் ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டே, "வேண்டாம், கழட்ட வேண்டாம்" என்றான். அதுதான் அவன் சொன்னது. வேறு எதுவும் சொல்லவில்லை. நீ ஸ்டேஜில் ஏறப்போவதில்லை மங்கை, உன் பெயரை யாரும் கூப்பிடப்போவதில்லை, விண்ணப்பத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த விண்ணப்பத்தில் மூன்றே கட்டம்தான், பெயர், பதவி, சர்வீஸ் நம்பர். அவளுக்குப் பதவியும் இல்லை, நம்பரும் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு மூன்று கட்டத்தை எப்படி நிரப்புவது என்று அன்றைக்குத் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். எப்படியும் ஜெயிக்காது என்றும் நினைத்தான். முப்பத்தொரு படங்கள் வந்திருந்தன, அதில் பதினொன்று புலி, ஒன்பது கழுகு, ஐந்து தலை நாகம் ஒன்று தலைக்கு ஒரு ஹெலிகாப்டரைக் கவ்விக்கொண்டு, சமையற்கூடத்துக் கார்ப்பரல் ஒருவன் கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையை வரைந்து அக்னி என்று எழுதிக் கொடுத்திருந்தான். இதற்கு நடுவில் ஒரு மீன்கொத்தி எப்படி ஜெயிக்கும். ஜெயித்துத் தொலைத்தது.

ஜெயித்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய், "செலக்ட் ஆயிருச்சு" என்றான். யார் கொடுத்தது, யாருடையது செலக்ட் ஆனது என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் கிடையாது, அது பாட்டுக்குத் தனியாக வந்து நின்றது. அவள் கரண்டியோடு குதித்தாள். "விழாவுல பேரைக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். அவன் "ம்" என்றான். அவ்வளவுதான், ஒரே ஒரு "ம்", அதைத்தான் நாலு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறான். போன ஐப்பசி வெள்ளத்தில் இடுப்பில் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு எண்பது அடி கீழே இறங்கி, தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த ஒரு கிழவரையும் அவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட ஆட்டுக்குட்டியையும் சேர்த்துத் தூக்கி வந்தவன் அவன், அதற்குப் பயப்படவில்லை, வீட்டுக்குள் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்தான். சொல்லலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவள் ராஜபாளையத்துக்குப் போன் பேசிக்கொண்டிருப்பாள், அம்மாவிடம், தங்கச்சியிடம், தங்கச்சியின் மாமியாரிடம், "பேரைக் கூப்பிடுவாங்களாம், ஏர் மார்ஷல் கையால குடுப்பாங்களாம்" என்று. பதினோரு வருடம் அந்தந்த ஊரில் "மிசஸ் சீனிராஜ்" என்று மட்டுமே கூப்பிடப்பட்டவள். சேச்சே, எப்படிப்பட்ட ஆள் நீ என்று தன்னையே கேட்டான், உடனே, கெட்ட ஆள் இல்லை, சோம்பேறி ஆள் என்று பதிலும் சொல்லிக்கொண்டான், பிறகு பிஸ்வாலின் கையைப் பார்த்தான், மீன்கொத்தி அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் பார்ப்பதும் இப்படித்தான் இருக்கும், கோபமே இல்லாமல், இன்னும் கொஞ்சம் சொல்லுங்க என்கிற மாதிரி. இப்போது அவன் பயமெல்லாம் ஒரே இடத்தில் வந்து வந்து இடித்தது. ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும். அதற்கு முந்தைய நொடியில் அவள் எழுந்திருப்பாள். முழுசாக இல்லை, பாதி. முன் நாற்காலியில் கையை ஊன்றிப் பாதி எழுந்து, பெயர் காதில் விழுந்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்க, திரும்ப உட்காருவாள். அந்தப் பாதி. முழுசாக எழுந்து மேடைக்கே நடந்து போய்விட்டால்கூடப் பரவாயில்லை, அந்தப் பாதியைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை, எறும்பை நினைத்தான், யாதவின் மீசையை நினைத்தான், அது சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

திரை விலகியது. கைதட்டல். பலகையில் ஆளுயர மீன்கொத்தி, இலை வளையம், அடியில் நீலப்பட்டையில் "நபஸி ஸ்திர:" என்று வாசகம், வானத்தில் அசையாமல் நிற்பவர் என்று அர்த்தம், கேந்திரிய வித்யாலயா சமஸ்கிருத வாத்தியார் கொடுத்தது. பலகையில் பறவை விதிப்படி இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை, அழகாகவே இருந்தது, அதன் நெஞ்சில் கருப்புப் பட்டை, பெண் பறவைக்கு வருகிற மாதிரி, நடுவில் உடைந்து வருவதை மங்கையைத் தவிர எவனும் கவனித்திருக்க மாட்டான் என்று நினைத்தபோது அவனுக்கு, இந்த நிலைமையிலும், பெருமை பொங்கியது. என் பொண்டாட்டி வரைந்தது என்று பிஸ்வாலின் காதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல முடியாது, சாவ்தான். நாலு மாதம் பேசலாம் என்றபோது பேசாதவனுக்கு இப்போது பேசக் கூடாது என்றபோது பேச வருகிறது. அப்போதுதான் ஒலிபெருக்கி, "இந்தச் சின்னத்தை வடிவமைத்தவர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "சார்ஜண்ட் சீனிராஜ்" என்றது.

கால்கள் தாமாகவே நடந்தன, பதினேழு வருடம் பழக்கிய கால்கள், அவற்றுக்கு மனசாட்சி கிடையாது. பத்து அடி, இருபது அடி, இடது வலது, மேடை ஏறி, விழாவுக்கு வந்திருந்த ஏர் மார்ஷலின் முன்னால் நின்று சல்யூட் வைத்தான். மேடையில் பக்கவாட்டாக நின்றதால், அவர் தோளுக்கு அந்தப் பக்கம் ஷாமியானா நேராகத் தெரிந்தது, மூன்றாவது வரிசையில் மாம்பழக் கலர் தெரிந்தது. அவள் பாதி எழுந்திருந்தாள். அவன் நினைத்த மாதிரியே, ஒரு கை முன் நாற்காலியில், முந்தானை தோளில் சரியாகப் போடப்பட்டு, பாதி. ஆனால் உட்காரவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றாள், பிறகு முழுசாக எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தாள். அவனுக்காகத் தட்டினாள். கஞ்சத்தனமில்லாமல், வளையல் குலுங்க, பக்கத்தில் இருந்த பிஸ்வாலின் மனைவியிடம் அவனைக் காட்டிக் காட்டித் தட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அழுதிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்பான்.

ஏர் மார்ஷல் வெள்ளிச் சட்டம் போட்ட கேடயத்தைக் கையில் எடுத்தார். கொடுக்கப் போனவர் அவனுடைய வலது கையைப் பார்த்து நின்றார், குனிந்து இன்னொரு தடவை பார்த்தார், திரும்பிப் பலகையைப் பார்த்தார். மைக் அவருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம் தள்ளி நின்றது. "சார்ஜண்ட், உன் பறவை ஏன் பின்னால் பறக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மைதானம் முழுக்கக் கேட்டது. கமாண்டிங் ஆபீசர் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், முகம் வெளுத்தது. இதற்குச் சொல்ல வேண்டிய பதில் "சாரி சார்" என்று ட்ரில் புத்தகத்திலேயே இருக்கிறது. சீனிராஜ் நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்புக் குரலில், "சார், பறவை என் மனைவி வரைந்தது, சார். அவர் சரியாகத்தான் வரைந்தார். திருப்பி வைத்தது மட்டும் நான், சார்!" என்றான்.

எங்கேயோ ஒரு காக்கை கத்தியது. ஏர் மார்ஷல் கேடயத்தில் பொறித்திருந்த பெயரைப் படித்தார். "இதில் உன் பெயர் இருக்கிறதே?" "தப்பாக இருக்கிறது, சார்." "யார் தப்பு?" "என் தப்பு, சார்." அவர் மீசைக்குள் என்ன செய்தார் என்று தெரியவில்லை, கேடயத்தைக் கொடுக்காமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார். "உன் மனைவியின் பெயர் என்ன?" சொன்னான். அவர் ஒரு தடவை முயன்றார், மங்கை வரைக்கும் வந்தார், அதற்குமேல் முடியவில்லை, மைக்கை அவன் பக்கம் தள்ளினார். "எனக்கு வரவில்லை. நீயே கூப்பிடு." கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எந்த ஊரிலும், எந்த அறையிலும். சீனிராஜ் மூச்சை இழுத்து, நூற்று நாற்பது பேரைத் திருப்புகிற குரலில், "மங்கையர்க்கரசி!" என்றான். ஒலிபெருக்கிகள் எட்டும் சேர்ந்து அதைக் கடல்வரை கொண்டுபோயின. அணியில் முதலில் யார் சிரித்தார்கள் என்பது இன்றைக்குவரை தெரியாது, வாரண்ட் ஆபீசர் யாதவ்தான் என்று ஒரு கட்சி உண்டு.

அவள் வந்தாள். அவசரமே இல்லாமல், பட்டின் மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படி ஏறி, ஏர் மார்ஷலுக்குக் கும்பிடு போட்டு, கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்துப் பதில் சொன்னாள், அவரும் சிரித்தார். அத்தனையையும் சீனிராஜ் நேர்ப்பார்வையின் ஓரத்தில்தான் பார்த்தான். போட்டோ எடுப்பதற்காக அவளை அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவன் விரல்கள் தொடையோடு ஒட்டியிருந்தன, தாடை மேலே, கண் நேரே, அசையக் கூடாது. கண்ணில் நிறைந்த தண்ணீர் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். அவள் நெருங்கி வந்து, உதட்டைப் பெரிதாக அசைக்காமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எதுக்குங்க அந்தக் கத்துக் கத்துனீங்க? நான் இங்கதானே இருக்கேன்."